தத்தெடுத்த பூனை, அடுக்குமாடி வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பூனை தத்தெடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது தெருவில் பிறந்த நாட்டுப் பூனைதான். கார் பானெட்டுக்குள்ளிருந்து யாரோ மீட்ட குட்டியாக இருக்கும். பழைய வீட்டை இடித்தபோது போக்கிடம் இல்லாமல் நின்ற பெரிய பூனையாக இருக்கும். அல்லது 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகத்திலிருந்து வந்திருக்கும். மதிலும் ஓட்டுக்கூரையும் மாமரமுமாகத் திரிந்த உயிரை மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறோம். வந்த சில நாளிலேயே வீட்டாருக்குச் சந்தேகங்கள் கிளம்பிவிடும்.

நிரந்தர வீடு கிடைக்கும்வரை பூனைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு தத்துக் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வந்த நாளிலிருந்தே இருக்கிற விசித்திரம் அதன் குணம், நேற்றுவரை இல்லாமல் இன்று புதிதாக முளைத்த விசித்திரம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையா?

பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற கட்டத்துக்கே அது இன்னும் வரவில்லை. வீட்டில் ஒரு வாசனைகூட அதற்குப் பழகியதில்லை. குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட் கதவு, மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், எல்லாமே புதிது. ஆபத்தோ என்று தோன்றினால் பூனை முதலில் மறைவிடம் தேடும், பிறகு அசையாமல் இருந்து கவனிக்கும். உங்கள் பூனை இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறது.

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை போதும். ஒரு மூலையில் லிட்டர் பாக்ஸ் (மலஜலம் கழிக்க மணல் போட்ட பெட்டி), எதிர் மூலையில் சாப்பாடு, கொஞ்சம் தள்ளித் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய பனியனையோ காட்டன் துப்பட்டாவையோ விரித்து வையுங்கள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுக்கவும் கூடாது, துடைப்பத்தால் தள்ளவும் கூடாது. அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். மெதுவான குரலில் எதையாவது படியுங்கள். முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். முறைத்துப் பார்ப்பது பூனைக்குச் சண்டைக்கு அழைப்பதுதான்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தணிய மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், ‘இது என் வீடு’ என்று ஆக மூன்று மாதம். தோராயக் கணக்குதான். பூனைக்குப் பூனை இது மாறுவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை குட்டியின் மேல் மனிதக் கை பட்டிருந்தால், வாழ்நாள் முழுக்க அதற்கு மனிதர்மேல் பெரிதாக அச்சம் இருக்காது. அந்த வாரங்கள் ஏதோ ஒரு கூரைமேல் கழிந்திருந்தால், பிற்பாடு எவ்வளவு பாசம் காட்டினாலும் மடியில் ஏறாமலே இருந்துவிடலாம். அப்படிப்பட்ட பூனை நீங்கள் இருக்கும் அறைக்கு வந்து, இரண்டடி தள்ளி, உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறதா? அதனால் காட்ட முடிந்த மிகப் பெரிய நம்பிக்கை அது. முதுகைக் காட்டுவது அவமரியாதை இல்லை. பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியம்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாவிட்டால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘பசித்தால் தானே வரும்’ என்ற பேச்சு பூனையிடம் செல்லாது.

தானே வந்து உரசுகிறது. தடவினால் ஒரு நிமிஷத்தில் கடிக்கிறது. ஏன்?

கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உங்கள் காலில் உரசும்போது தன் வாசனையை உங்கள்மேல் பூசுகிறது. ‘இவர் நம்மவர்’ என்று அடையாளம் வைக்கிறது, அவ்வளவுதான். ‘என்னைத் தூக்கு’ என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்வது நாம்தான்.

கடிப்பதற்கு முன்னால் அது தெளிவாகவே சொல்லியிருக்கும். வால் நுனி படபடவென்று ஆடும். முதுகுத் தோல் அலைபோல ஒரு தடவை சிலிர்க்கும். காது பக்கவாட்டில் திரும்பும். கொர்கொர் சத்தம் சட்டென்று நிற்கும். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் கடி இல்லை. கன்னம், தாடை, காதடி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால் உங்களை நம்புகிறது என்று பொருள், தொடச் சொல்லவில்லை. பூனை வயிற்றில் கைவைக்கும் குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நெருங்குவதற்கு நல்ல வழி கண்தான். பார்வையைத் தளர்த்தி, இமையை மெல்லச் சுருக்கி, மூடித் திறங்கள். 2020-இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் இப்படிச் செய்தால் பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குவது கூடியது. முகம் தெரியாத ஒருவர் இப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டியபோதும், சும்மா முகத்தை வைத்துக்கொண்டிருந்தபோது வந்ததைவிட அதிகமாகப் பக்கத்தில் வந்தன. காசு செலவில்லை. இன்றைக்கே செய்து பாருங்கள்.

கொர்கொர் என்றாலே சந்தோஷம்தானே?

பெரும்பாலும். வலியிலும் பயத்திலும்கூடப் பூனை கொர்கொர் என்னும். சாப்பிடாமல், சுருண்டு உட்கார்ந்தபடி, கண் பாதி மூடிக் கொர்கொர் என்றால் சந்தோஷம் என்று விட்டுவிடாதீர்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புகிறது. தூக்கமே இல்லை.

எலியும் பறவையும் நடமாடும் விடியலும் அந்தியும்தான் பூனையின் வேட்டை நேரம். பகலில் நீங்கள் ஆபீசில் இருக்கும்போது அது தூங்கித் தீர்த்துவிட்டது. ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குகிற பிராணி அது. போதாததற்கு நாலரை மணிக்குப் பால் பாக்கெட் போடுகிறவர் லிஃப்டில் ஏறி இறங்குகிறார். காக்காய் கத்தத் தொடங்குகிறது. அது எழுந்துவிட்டது, வீட்டில் எழுந்த ஜீவன் அது ஒன்றுதான். உங்கள் கால்விரல் போர்வைக்குள் அசைகிறது.

வேட்டையாடு, சாப்பிடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய், தூங்கு. இதுதான் பூனையின் சுழற்சி. அதைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் நீங்களே நடத்திவிடுங்கள். ஒரு குச்சியில் கயிறு கட்டி, நுனியில் துணி முடிச்சோ இறகோ வைத்து, மூச்சு வாங்குகிற மாதிரி இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிடுங்கள். கடைசியில் அது பிடித்தாக வேண்டும். பிடிக்காமலே முடிகிற ஆட்டம் எரிச்சலைத்தான் மிச்சம் வைக்கும். உடனே இரவுச் சாப்பாட்டின் பெரிய பங்கைக் கொடுங்கள்.

நாலு மணிக்கு எழுந்து சாப்பாடு வைக்காதீர்கள். ஒரே ஒருநாள் வைத்தாலும் கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். நீங்கள் கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கியதும் முதல் சில நாள் சத்தம் கூடத்தான் செய்யும். அந்த நாட்களில் வீட்டில் யாருமே எழுந்திருக்கக் கூடாது, தாத்தா பாட்டி உட்பட.

இரவில் காரணமே இல்லாமல் வீட்டைச் சுற்றி ஓடுவதும் தேங்கிய இந்தச் சக்திதான். லிட்டர் பாக்ஸில் போய்விட்டு வந்ததும் ஓடுகிற பூனைகளும் உண்டு. ரசித்துவிட்டுத் தூங்குங்கள்.

லிட்டர் பாக்ஸ் இருக்க, பாத்ரூமில் போகிறது. சில சமயம் மெத்தையில். பழிவாங்குகிறதா?

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. இந்தக் கேள்வியில்தான் நான் மிகவும் கறாராக இருப்பேன். இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பூனைகள் ஏராளம்.

முதலில் உடம்பு. அடிக்கடி பாக்ஸுக்குப் போய்க் குந்துகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, முனகுகிறது, பின்பக்கத்தை விடாமல் நக்குகிறது என்றால் அது சிறுநீர்ப் பிரச்சினை. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, முழுக்க அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த நேரமே திறந்திருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உங்கள் பகுதியில் இரவிலும் பார்க்கிற இடம் எது என்று பூனை வந்த வாரத்திலேயே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

உடம்பு சரியாக இருந்தால் பாக்ஸைப் பாருங்கள். கடையில் விற்கும் பாக்ஸ்களில் பாதி, வளர்ந்த பூனைக்குச் சின்னவை. மூக்கிலிருந்து வாலடிவரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது வேண்டும். துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் நன்றாகவே உதவும். மூடி போட்ட பாக்ஸ் நம் மூக்குக்குச் சௌகரியம், உள்ளே போகிற பூனைக்கு நாற்றம். வாசனை சேர்த்த மணலும் அப்படித்தான். எங்கே வைத்திருக்கிறீர்கள்? வாஷிங் மெஷின் பக்கத்தில் என்றால், பூனை பாக்ஸுக்குள் இருக்கும்போது ஒருமுறை மெஷின் அதிர்ந்தாலும் போதும், பூனை அந்தப் பக்கமே போகாது. ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ், இரண்டுக்கு மூன்று என்பது பொதுக் கணக்கு. சின்ன ஃப்ளாட்டில் கஷ்டம்தான். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் காலையும் மாலையும் அள்ளியாக வேண்டும்.

தெருவில் வளர்ந்த பூனைக்குத் தெரிந்தது மண். கடையில் மணலென்று விற்கும் சிலிக்கா உருண்டைகள் அதன் காலுக்கு அந்நியம். என்னிடம் இருந்த ஒரு செவலைக் கடுவன் கடை மணலில் முன்னங்காலை வைத்து, உதறி, மறுபடி வைத்து, உதறி, கடைசியில் பாத்ரூம் ஜாலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தும். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு வாளி மணல் வாங்கி மேலே தூவினேன். முகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, தோண்டியது. பிறகு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடை மணலுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நின்றபடி, வால் நடுங்க, சுவரில் அல்லது திரைச்சீலையில் பீய்ச்சினால் அது வேறு. எல்லை குறிக்கிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது சகஜம். செய்த பூனையும், வெளியில் இன்னொரு கடுவன் வந்து உட்கார்ந்தால் பீய்ச்சும். அந்த ஜன்னலை மறையுங்கள்.

துடைப்பதற்குக் கருப்பு ஃபினைல் வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த காலை அது நக்குகிறது. சிறுநீர்க் கறைக்கென்றே என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அலமாரியில் போடும் அந்துருண்டையும் இதே காரணத்தால் பூனைக்கு விஷம்.

பால் வைத்தால் குடிக்கிறது, தயிர்சாதமும் சாப்பிடுகிறது. அது போதாதா?

போதாது. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது, மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளரும், பார்வை போகும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல் வெளிவந்த பிறகுதான் டப்பா உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். வீட்டில் சைவம் என்றால் நல்ல பூனை உணவை வாங்கி வையுங்கள், அதற்கென்று தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் முடியாது என்றால் பூனை உங்களுக்குச் சரிவராது என்று மரியாதையோடு சொல்லிவிடுவேன்.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். பாயசத்தை அது நக்குவது இனிப்புக்காக இல்லை. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்திலேயே செயலிழந்திருக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு வேண்டியது அதிலுள்ள நெய்யும் பாலும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே குழம்பில் கிடந்த மீன் வேண்டாம். உப்பு, மசாலா இல்லாமல் தனியாக வேகவைத்து, முள் எடுத்த மீன் கொடுக்கலாம்.

கிண்ணத்துத் தண்ணீரை விட்டுவிட்டுக் குழாயில் நக்குகிறது.

சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒட்டித் தண்ணீர் வைத்திருப்பீர்கள். தள்ளி வையுங்கள், வாய் அகன்ற பாத்திரமாக வையுங்கள், தினமும் மாற்றுங்கள். அப்புறமும் குழாய்தான் வேண்டும் என்றால் திறந்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போனால் சரி. ஆனால் வழக்கத்துக்கு மீறித் திடீரென்று நிறையக் குடிக்க ஆரம்பித்தால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டுக்கும் பரிசோதனை தேவை.

பால்கனியில் புறாவைப் பார்த்துப் பல்லை நறநறவென்று ஆட்டுகிறது. குதித்துவிடுமா?

அந்தச் சத்தம் வேட்டை வேகம். குதிக்கலாம். பூனை எத்தனை மாடியிலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்ற கதையை நம்பாதீர்கள். மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி நியூயார்க்கில் ஒரு கால்நடை மருத்துவமனை மருத்துவர்கள் 1987-இல் எழுதியதிலிருந்துதான் அது பரவியது. சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன என்பது உண்மை. மருத்துவமனைவரை உயிரோடு வந்தவற்றின் கணக்கு அது. நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் அடிபட்டு வந்தவை அவை.

புறாவுக்குக் கட்டும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்து ஓட்டை போடும். கெட்டியான வலை அல்லது கம்பி வலை வேண்டும், மேலும் கீழும் ஓரமும் இடைவெளி இல்லாமல். கொசுவலை பாரம் தாங்காது. சமையலறை, பாத்ரூம் வெண்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளையும் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வலை கட்டிய பிறகு அங்கே ஒரு ஸ்டூல் போடுங்கள். ஃப்ளாட் பூனைக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

பல்லி பிடித்துத் தின்கிறது.

நிறைய வீடுகளில் நடப்பது. பல்லி வழியாகப் பித்தப்பையையும் கல்லீரலையும் தாக்கும் ஒரு தட்டைப்புழு பூனைக்குள் போகலாம். வழக்கமான குடற்புழு மாத்திரைக்கு அது போகாது. பல்லி தின்கிற பூனைக்குப் பசி குறைந்து, எடை இறங்கி, கண்ணும் ஈறும் மஞ்சளித்தால், பல்லி விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என் சட்டையை முகர்ந்துவிட்டு வாயைத் திறந்தபடி வெறித்துப் பார்க்கிறது.

மேல் அண்ணத்தில் வாசனைக்கென்றே இன்னொரு உறுப்பு இருக்கிறது. காற்றை அங்கே இழுக்கிறது. சில நொடியில் முடிந்துவிடும். வாயைத் திறந்து தொடர்ந்து மூச்சு வாங்கினால் அது வேறு. நாய்க்கு இயல்பு, பூனைக்கு அவசரம்.

போர்வையை மிதிக்கிறது, சப்புகிறது. நூல், ரப்பர் பேண்டு எல்லாம் தின்கிறது.

மிதிப்பது பால் குடித்த காலத்துப் பழக்கம். தாயின் மடியை அப்படி அமுக்கித்தான் பால் சுரக்கவைக்கும். சப்புவதும் குட்டிக்காலத்து மிச்சம்தான், துணியை விழுங்காதவரை விடுங்கள்.

நூல் அப்படி இல்லை. நம் வீடுகளில் தலையில் வைத்துக் கழற்றிய மல்லிகைச் சரம் மேஜையில் கிடக்கும், சாமி படத்திலிருந்து காய்ந்த சரம் தொங்கும். பூவை விட்டுவிட்டு நாரையும் நூலையும்தான் பூனை மெல்லும். அதன் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை, ஏறியதைத் துப்ப வராது. நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால் குடல் கொசுவம்போலச் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். பூச்சரத்தை மூடியுள்ள குப்பைக்கூடையில் போடுங்கள்.

ராத்திரி முழுக்க ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டில் புகார்.

கருத்தடை ஆகாத பெட்டை என்றால் பருவம் வந்திருக்கிறது. உருண்டு புரளும், பின்பக்கத்தைத் தூக்கும். அறுவைசிகிச்சைதான் வழி, நான்கைந்து மாத வயதிலேயே செய்யலாம். வயதான பூனை திடீரெனக் கத்தினால் காது மந்தம், தைராய்டு, இரத்த அழுத்தம் என்று பார்க்க வேண்டியவை பல.

வலி போலிருக்கிறது, பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படியே.

மருமகள் உண்டாகியிருக்கிறாள். பூனையை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

அனுப்ப வேண்டியதில்லை. பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியது. பச்சை மாமிசமோ எலியோ தின்று முதல்முறை தொற்றிய பூனை சில வாரங்கள் மட்டும் மலத்தில் அதை வெளியேற்றும். வெளிவந்தது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே லிட்டர் பாக்ஸைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்யட்டும். பூனைக்கு வெந்த உணவோ பாக்கெட் உணவோ கொடுங்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் தோட்டத்து மண்ணும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. மகப்பேறு மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

அந்தி சாயும் முன்பே ஜன்னல்களை மூடி, உள்ளறையில் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஒளிந்தால் தேடி எடுத்துச் சமாதானம் செய்ய வேண்டாம். வாசல் கதவைத் திறந்து பலகாரம் கொடுத்து வாங்கும் நேரத்தில்தான் பூனைகள் படியில் இறங்கி ஓடுகின்றன. அந்த அறைக்கதவு சாத்தியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். கூட்டிப் போகலாமா?

பூனைக்கு ஊர் மாறுவதைவிட நீங்கள் மூன்று நாள் இல்லாமலிருப்பது எளிது. தெரிந்தவர் ஒருவர் காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, பாக்ஸை அள்ளி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். தட்டு நிறையக் கொட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள். வருகிறவரிடம் பூனையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று எழுதிக் கொடுங்கள்: எங்கே தூங்கும், எவ்வளவு சாப்பிடும், கதவு திறந்தால் ஓடி வருமா ஒளியுமா, மணலில் ஒரு நாளைக்குச் சிறுநீரால் எத்தனை ஈரக் கட்டிகள் விழும். கட்டி எண்ணிக்கை குறைந்தாலோ, ஒன்றுகூட இல்லையென்றாலோ, நீங்கள் எந்த ஊரில் எந்த விருந்தில் இருந்தாலும் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.